நுரையீரலில் உறையும் இரத்தம்

விரலில் கத்தி பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் தானே உறைந்து நின்றுவிடுகிறது. இதனை நாம் நன்மை என்றே அறிவோம். அதே உறைவு நுரையீரலுக்குள் நிகழ்ந்தால் உயிருக்கே கேடாகிறது. கடுமையான தொற்றுநோய்களில் இது ஏன் நேர்கிறது? 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களை வாட்டிய கேள்வி இது.

உடலில் ஓடும் இரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்தாக வேண்டும். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்த பின்னரே இடப்புறத்தை அடைகிறது என்று 1242இல், இப்னு சீனாவின் உடற்கூற்றியலுக்கு எழுதிய விரிவுரையில் எடுத்துரைத்தவர் இப்னுன் நபீஸ். ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் இவ்வழியே செல்கிறது. கோடிக்கணக்கான காற்றுப்பைகளைச் சூழ்ந்துள்ள தந்துகிகளோ, சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் அளவுக்குக் குறுகலானவை. அங்கே சிறு கட்டி தோன்றினாலும் பாதை அடைபடும். காற்று வந்து சேரும். அதைப் பெற்றுக்கொள்ள இரத்தம் வராது.

தந்துகியின் உட்சுவர் இயல்பில் வழுவழுப்பானது. இரத்தம் உறையாதபடி காப்பது அதன் பணி. கிருமி புகுந்து அழற்சி மூண்டதும் அச்சுவரின் தன்மை மாறுகிறது. உறைவைத் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன; உறைவைத் தூண்டும் பொருள்கள் தலைதூக்குகின்றன. விரைந்து வரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தம் டிஎன்ஏ இழைகளையே வலையாக வீசிக் கிருமிகளைச் சிக்க வைக்கின்றன. பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2004இல் இதனை வெளிப்படுத்தினர். அவ்வலையில் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் ஒட்டிக்கொள்ள, உறைகட்டி உருவாகிறது.

இது உடலின் பிழையன்று. கிருமி பரவாமல் நின்ற இடத்திலேயே அதனைச் சிறைப்படுத்தும் ஏற்பாடு இது. குதிரைலாட நண்டின் இரத்தம் பாக்டீரியாவின் நஞ்சு பட்டவுடன் உறைந்துவிடுகிறது. உறைதலும் நோயெதிர்ப்பும் எவ்வளவு தொன்மையான கூட்டாளிகள் என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் உறைவின்போது பிறக்கும் த்ராம்பின் மீண்டும் அழற்சியைத் தூண்டுகிறது. அழற்சி மேலும் உறைவைப் பெருக்குகிறது. இச்சுழல் எல்லை மீறினால் காவலே கேடாகிவிடும். 2020 மே மாதம் வெளியான ஆய்வொன்று, கொரோனாவால் இறந்த எழுவரின் நுரையீரல்களை இன்ஃபுளுவென்சாவால் இறந்த எழுவருடைய நுரையீரல்களோடு ஒப்பிட்டது. தந்துகிகளில் நுண்கட்டிகள் முன்னவரிடம் 9 மடங்கு மிகுந்திருந்தன.

அப்படியானால் உறைவையும் அழற்சியையும் மருந்தால் அடக்கிவிட்டால் போதாதா? இரண்டையும் ஒருசேரத் தணிக்கும் என்று நம்பப்பட்ட செயலூட்டிய புரதம் சி, கடுமையான செப்சிஸ் நோய்க்கென 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆய்வில் பயன் நிரூபணமாகாததால் 2011இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

2020இல் பிரிட்டனில் நடந்த ‘ரிகவரி’ ஆய்வு தெளிவான விடை தந்தது. அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரிடையே 28 நாள் இறப்பு விகிதத்தை 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பலனில்லை. உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினின் நிலை இதற்கு நேர்மாறானது. முழுச் சிகிச்சை அளவில் கொடுத்தபோது, மருத்துவமனையில் சேர்ந்தும் நிலை மிக மோசமாகாதவர்களுக்கு அது உதவியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோருக்கு உதவவில்லை என 2021இல் வெளியான ஆய்வுகள் காட்டின. முற்றிய நிலையில் உறைவைத் தடுப்பது காலம் கடந்த செயலாகிறது. தொடக்க நிலையில் அழற்சியை அடக்குவதோ, கிருமியோடு போராடும் காவலரின் கையைக் கட்டுவதாகிறது என்று இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஆகவே மருந்தின் நன்மை அதன் பெயரில் மட்டும் இல்லை. அளவிலும் வேளையிலும் இருக்கிறது. 2021இல் இந்தியாவில் கரும்பூஞ்சை நோய் பெருகியதற்கு, கட்டுப்படாத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டு மருந்துகளின் முறையற்ற பயன்பாடும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அண்டை வீட்டாரைக் காத்த மாத்திரை நம்மையும் காக்கும் என்று எண்ணி, காய்ச்சல் கண்டவுடன் நாமே வாங்கி உண்பது தகாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ தோன்றினால் காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம். எம்மருந்து, எப்போது, எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும்.