விளையாட்டு அட்டைகளின் இணையவழி மறுவிற்பனை

விளையாட்டு அட்டைகளின் இணையவழி மறுவிற்பனை என்பது, வீரர்களின் படமும் ஆட்ட விவரங்களும் அச்சிடப்பட்ட சேகரிப்பு அட்டைகளைப் பழைய பொருள்களுக்கான இணையச் சந்தைகள் வாயிலாக விற்பதைக் குறிக்கும். அட்டையைக் கையில் எடுத்துப் பாராமலேயே விலை பேசப்படுவதால், பொருள் சேரும் வரை பணம் யாரிடம் இருப்பது என்பதே இவ்வணிகத்தின் முதன்மையான சிக்கல் ஆகும்.

அட்டையின் மதிப்பு

வீரரின் புகழ், அட்டை கிடைப்பதன் அருமை, அதன் நிலை ஆகியவற்றைப் பொறுத்து விலை அமைகிறது. அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1909–1911 காலப்பகுதியில் சிகரெட் பெட்டிகளுடன் வெளியிட்ட, அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஓனசு வாக்னரின் அட்டை ஒன்று 2022 இல் 72.5 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இதே வகை அட்டைகளுள் மற்றொன்று, பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் 1991 இல் முதன்முதலாகத் தரம் மதிப்பிட்ட அட்டையாகும். அதற்கு 10க்கு 8 புள்ளிகள் கிடைத்தன. அதன் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதாக, அதனை முன்பு விற்ற வணிகர் 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வல்லுநர் கண்ணுக்கே தப்பிய குறை, கைபேசியில் எடுத்த படத்தில் தெரியும் என எதிர்பார்க்க இயலாது.

இந்தியாவில்

1980கள், 1990களில் பபிள்கம்முடன் வந்த துடுப்பாட்ட (கிரிக்கெட்) அட்டைகளும், மற்போர் வீரர்களின் 'ட்ரம்ப் கார்டு'களும் சிறுவரிடையே பரவலாக இருந்தன. இவை சேர்த்துவைப்பதற்கு அன்றி, ஆடித் தோற்று இழப்பதற்கே பயன்பட்டன. ரப்பர் வளையம் போட்டுக் கால்சட்டைப் பையில் திரிந்த அட்டைகள் மடங்காமல் எஞ்சியிருப்பது அரிது. 2010களில் டாப்சு நிறுவனத்தின் 'கிரிக்கெட் அட்டாக்சு' அட்டைகள் விற்பனைக்கு வந்தன.

2000 இல் தொடங்கப்பட்ட பாசீ.காம் ஏலத்தளத்தை 2004 இல் ஈபே நிறுவனம் வாங்கியது. அதன் 'பைசாபே' முறையில், வாங்குபவர் செலுத்திய தொகை இடையில் நிறுத்திவைக்கப்பட்டுப் பின்னரே விற்பவருக்கு வழங்கப்பட்டது. ஈபே இந்தியா தளம் 2018 ஆகத்தில் மூடப்பட்டது. ஓ.எல்.எக்சு போன்ற விளம்பரத் தளங்கள் அருகிலுள்ளோர் நேரில் சந்தித்துக் கைமாற்றும் பொருள்களுக்கே பொருத்தமானவை. பெரியபாளையத்தில் ஒருவர் தம் பழைய மிதிவண்டியை விற்க ஊத்துக்கோட்டையிலோ திருவள்ளூரிலோ ஆள் கிடைக்கும். அட்டை சேகரிப்பவரோ பெரும்பாலும் தொலைநகரத்தில் இருப்பார். ஆகவே யாராவது ஒருவர் முதலில் நம்பியாக வேண்டியுள்ளது.

விற்பவர் கவனிக்க வேண்டியவை

நான்கு மூலைகளும் பின்புறமும் தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தல் வேண்டும். மடிப்பு இருப்பின் விளம்பரத்திலேயே குறிப்பிடுதல் நன்று. அட்டையை நெகிழி உறையிலிட்டு, இரு கெட்டி அட்டைகளுக்கு இடையில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பலாம்.

ஏமாற்றுவோர் வாங்குபவர் போல் பேசி, "பணம் அனுப்புகிறேன், இதனை ஸ்கேன் செய்யுங்கள்" என கியூ.ஆர். குறியீடு ஒன்றை அனுப்புவதுண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ இரகசிய எண்ணை இடவோ தேவையில்லை. அவ்வெண்ணை இட்டால் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் வெளியேறும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில், பரிவர்த்தனை எண்ணைக் கூறி முறையிடலாம்.