உஷார்! எறிந்த டார்ட் திரும்பி வருகிறது

போன ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி சாப்பிட்ட மயக்கம் தீரட்டுமே என்று அக்கா மகனோடு ஹாலில் டார்ட்ஸ் ஆட ஆரம்பித்தேன். அவன் வீச, நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்று ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். ட்ரிபிள் 20-க்கு அவன் குறிவைத்த மூன்றாவது டார்ட் 'டிங்' என்று போர்டில் கட்டங்களைப் பிரிக்கிற கம்பியில் பட்டது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அது என் வலது காலில் பெருவிரலை உரசிக்கொண்டு டைல்ஸில் விழுந்து, துள்ளி, சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

"ஐயோ, ரத்தம் மாமா!"

ஒரு கீறல்தான். ஆனால் ஸ்கோர் எழுதக் குனிந்திருந்த நேரத்தில் அது திரும்பியிருந்தால் கால் இருந்த இடத்தில் கண் இருந்திருக்கும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பையன் மேல் தப்பில்லை. சோபாவை நகர்த்தி டார்ட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முனையின் நுனி தூண்டில் முள் மாதிரி ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. நாலு மாதமாக அந்த முனையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குற்றவாளி நான்தான்.

நல்ல டார்ட் போர்டு என்பது மரப்பலகை அல்ல. சைசல் என்கிற கற்றாழை நாரைக் கட்டுக்கட்டாக நெருக்கி, நாரின் வெட்டுமுனை நம்மைப் பார்க்கும்படி அழுத்திச் செய்தது. நல்ல முனை நார்களை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உருவினால் ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். மொண்ணை முனைக்கு விலக்கத் தெரியாது, முட்டத்தான் தெரியும். கம்பியை ஒட்டி விழும்போது வழுக்கி உள்ளே போகவேண்டியது, கம்பியிலேயே மோதித் திரும்பிவிடுகிறது. சுருண்ட முனை இன்னும் மோசம். வெளியே வரும்போது நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த இடத்தில் அடுத்த டார்ட் சரியாக நிற்காது, விழும்.

எங்கே விழும்? இங்கேதான் நம் வீடுகளுக்கே உரிய வில்லங்கம். டார்ட்ஸ் வளர்ந்தது இங்கிலாந்தின் பப்களில். அங்கே காலில் ஷூ இருக்கும், போர்டுக்குக் கீழே பெரும்பாலும் ரப்பர் பாய் இருக்கும். நம் வீட்டில் தரை டைல்ஸ், இல்லையென்றால் கிரானைட். கால் வெறுங்கால். டைல்ஸில் விழுகிற ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் மடங்கும். மடங்கினால் மறுபடி போர்டில் நிற்காது. நிற்காவிட்டால் மறுபடி டைல்ஸ். இந்தச் சக்கரத்தில்தான் நாலு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். போர்டுக்குக் கீழே ஒரு பழைய யோகா மேட்டை விரித்திருந்தால் தீர்ந்திருக்கும்.

உங்கள் டார்ட் எப்படி இருக்கிறது என்று தெரிய பூதக்கண்ணாடி வேண்டாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து முனைமேல் வைத்து, நுனிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. ஒரு இழை மாட்டினாலும் அந்த டார்ட்டைத் தொடாதீர்கள். போர்டிலிருந்து உருவும்போது நுனியில் நார்த்தூசி ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதே நோய்தான்.

மருந்து சுலபம். நைஸான உப்புத்தாளோ சின்னச் சாணைக்கல்லோ போதும். முனையைச் சாய்த்து வைத்து, விரலால் டார்ட்டைச் சுழற்றிக்கொண்டே நாலைந்து தடவை லேசாகத் தேய்க்கவேண்டும். சுருள் போனதும் நிறுத்திவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்துவிடலாமா என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. கொடுத்திருந்தால் ஊசியாக்கித் தந்திருப்பார். ஊசிமுனை நாரை விலக்காமல் அறுக்கும், போர்டு பாழ். கம்பியில் ஒருமுறை பட்டாலே நுனி மடங்கிவிடும், நீங்களும் பாழ். நாலு வரி எழுதிய பென்சில் எப்படி இருக்குமோ, அந்த அளவு உருண்டிருந்தால் போதும்.

'மொண்ணையாக இருந்தால் குத்தாது, குழந்தைகளுக்கு நல்லதுதானே' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு. அமெரிக்காவில் புல்தரையில் எறிந்து ஆடுகிற பெரிய டார்ட்கள் இருந்தன. அவற்றின் முனை கூர்மையானதே அல்ல, கனம்தான் ஆபத்து. அப்படி ஒன்று தலையில் பாய்ந்து ஒரு சிறுமி இறந்துபோக, 1988 டிசம்பரில் அவற்றின் விற்பனையையே தடை செய்தார்கள். நம் கையில் இருப்பது அவ்வளவு கனமில்லை. போட்டி விதிப்படி 50 கிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் விரலால் பிடிக்கிற பகுதியான பேரல், நல்ல டார்ட்களில் டங்ஸ்டன் கலவை. சுத்த டங்ஸ்டன் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஏறக்குறைய தங்கத்தின் கனம். ஒல்லியாக இருக்கிறதே என்று ஏமாறவேண்டாம்.

முனையோடு வேலை முடியவில்லை. பேரலுக்குப் பின்னால் மாட்டுகிற ஷாஃப்ட் ஆட ஆட மரை கழன்றுகொண்டே வரும். கழன்ற டார்ட் வாலை ஆட்டிக்கொண்டுதான் போகும், கோணலாகத்தான் இறங்கும். மூன்று டார்ட்டையும் உருவிக்கொண்டு திரும்பி நடக்கும்போதே ஒரு திருகு திருகிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உருவும்போதும் வாலில் இருக்கிற சிறகைப் பிடித்து இழுக்காமல் பேரலைப் பிடித்து, வலப்பக்கம் திருகினாற்போல் இழுக்கவேண்டும். கிழிந்த சிறகை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். டார்ட்டிலேயே மலிவான பாகம் அதுதான்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தலைவலி, வியர்வையும் உப்புக்காற்றும். பேரலின் வரிகளில் வியர்வையும் அழுக்கும் அப்பினால் பிடி வழுக்கும். வழுக்கினால் குறி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. பாத்திரம் கழுவுகிற சோப்பு, பழைய டூத்பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் இரும்பு முனையில் துரு ஏறும். துருவேறிய முனை உப்புத்தாள் மாதிரி நாரை அராவும். போர்டைமட்டும் தண்ணீரில் நனைக்காதீர்கள். அந்தக் காலத்து எல்ம் மரப் போர்டை ஊறவைத்தார்கள், உண்மை. நார்ப் போர்டு நனைந்தால் உப்பிப்போய்விடும்.

2025 ஜனவரியில் லூக் லிட்லர் 17 வயதில் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்து, பிள்ளைகள் டார்ட்ஸ் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். வாங்கிக் கொடுங்கள், நல்ல விளையாட்டு. ஆனால் எறிகிற இடத்திலிருந்து போர்டுக்கு 2.37 மீட்டர், அந்த இடைவெளியில் எறிகிற நேரம் யாரும் நிற்கக்கூடாது, ஸ்கோர் எழுதுகிற மாமாவும் சேர்த்துத்தான். ஆடி முடித்ததும் டார்ட்களைப் போர்டில் குத்தி வைத்துவிட்டுப் போகாமல் பெட்டிக்குள் பூட்டுங்கள். இன்று சாயங்காலம் ஆட்டம் இருக்கிறதா? காலில் ஷூவை மாட்டுங்கள், கொஞ்சம் பஞ்சை எடுங்கள், மூன்று முனையையும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.