முதலில் கழிவறைக் கதவு

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. தேக்கா நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்தோம். வீடற்றவர்களைச் சந்தித்துப் பேசும் தொண்டூழியக் குழுவில் அன்றுதான் எனக்கு முதல் இரவு.

ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலியில் ஓர் அங்கிள் இருந்தார். வயது 60க்குள் இருக்கும். நீரிழிவு நோயால் ஒரு காலை இழந்தவர். ரொட்டியை நீட்டினேன். "சாப்பிட்டாச்சு தம்பி. உட்காரு," என்றார்.

முன்பு ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாராம். கால் போன பிறகு அந்த வீட்டுக் கழிவறைக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லை. வீட்டுக்காரர் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்.

"படுக்க எங்க வேணாலும் இடம் கிடைக்கும் தம்பி. அகலமான கதவு வச்ச கழிவறை பக்கத்துல இருக்கான்னு பார்த்துத்தான் நான் படுக்கணும்."

வீடற்றவருக்குத் தேவை ஒரு கூரை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது தமது பையிலிருந்து அளவு நாடா ஒன்றை எடுத்துக் காட்டினார். சமூக ஊழியர் ஒருவரின் உதவியுடன் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த வாரம் வீடு பார்க்கப் போகிறார்கள். நாற்காலியின் அகலம் 65 சென்டிமீட்டர். "முதல்ல கழிவறைக் கதவைத்தான் அளப்பேன். காத்து, வெளிச்சம் எல்லாம் அப்புறம்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022 நவம்பர் 11ஆம் தேதி இரவு நாடளவில் எடுத்த கணக்கெடுப்பில், 530 பேர் வெளியிடங்களில் உறங்கியது தெரியவந்தது. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தைச் சிங்கப்பூர் 2013ல் ஏற்று உறுதிசெய்தது. பொது வீடமைப்புத் திட்டங்கள் அவர்களுக்கும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 28ஆம் பிரிவு. எங்கே, யாருடன் வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே அவர்களும் தேர்ந்தெடுக்க முடியவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு.

'யாருடன்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். தனியாள் வீவக வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தால், பொதுவாக இன்னொருவருடன் பகிர்ந்துதான் வாழவேண்டும். ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது. 2021 இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில், வீட்டுத் துணையைத் தேடி விண்ணப்பதாரர் அலையத் தேவையில்லை; திட்டத்தை நடத்தும் அமைப்பே இணைத்துவிடுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், இரவில் மூன்று முறை எழுந்து, விளக்கைப் போட்டு, நாற்காலிக்கு மாறிக் கழிவறைக்குப் போகிறவருடன் ஒரே அறையில் உறங்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? சொந்தத் தம்பியுடன் அறையைப் பகிரவே எனக்குப் பொறுமை போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே புளோக்கிற்குப் போனேன். கதவு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்க நினைத்திருந்தேன். அங்கிள் அங்கே இல்லை.