பேச்சுப் பயிற்சியும் உளவியற் பரிசோதனையும்: குழந்தைக்கு வழிகாட்டுவது எவ்வாறு?

மக்களுக்கு இயற்கை அளித்துள்ள ஆற்றல்களுள் பேச்சு தலையாயது. பிறந்த குழந்தை முதலில் ஒலியைக் கேட்கிறது. பின்னர் குரல்களை இனம் கண்டுகொள்கிறது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் ஒலிகளைத் தானே அடுக்கி மழலை பேசுகிறது. ஓராண்டு நிறையும் தறுவாயில் பொருளுடைய முதற்சொல்லை மொழிகிறது. இரண்டு வயதில் இரண்டு சொற்களை இணைத்துத் தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறது. எவரும் பாடம் கற்பிக்காமலே இவ்வளவும் நிகழ்ந்துவிடுவதால், பேச்சு தானாகவே வருவது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது.

இவ்வெண்ணத்தின் விளைவாக, பேச்சு வராத குழந்தையின் பெற்றோரும் காத்திருக்கின்றனர். "அப்பனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவர். நாவில் வசம்பை உரைத்துத் தடவுவதும், நாவின் அடியிலுள்ள நாரை அறுத்தால் பேச்சு வந்துவிடும் என நம்புவதும் உண்டு. அந்நார் குறுகியிருப்பது சில ஒலிகளின் உச்சரிப்பை ஓரளவு பாதிக்கக்கூடும்; சொற்களே தோன்றாமைக்கு அது காரணமன்று. இவ்வாறு காத்திருப்பதில் கழியும் ஆண்டுகளே குழந்தைக்கு விலைமதிப்பற்றவை. மூளையில் ஒலியையும் மொழியையும் உணரும் பகுதிகள் முதல் மூன்று ஆண்டுகளில் மிக விரைவாக உருப்பெறுகின்றன. அக்காலத்தில் ஒலி சென்று சேராவிடின், பின்னர் அளிக்கும் பயிற்சி பன்மடங்கு கடினமாகிவிடும்.

இத்தகைய குழந்தைகளுக்கு உதவும் சேவைகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. எனினும், குழந்தை அவற்றைக் காலந்தாழ்த்தி அடைகிறது. அல்லது தவறான வரிசையில் அடைகிறது. அல்லது ஒரு முறை சென்றுவிட்டு நின்றுவிடுகிறது. இம்மூன்று குறைகளையும் நீக்கும் வாய்ப்பு மருத்துவரைவிட அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கே மிகுதி. குழந்தையை அன்றாடம் காண்பவர்கள் அவர்களே. நோயின் பெயரைக் கூறுவது அவர்கள் பணியன்று. கண்டதைக் குறித்துக்கொண்டு, உரிய இடத்துக்கு உரிய வரிசையில் அனுப்பித் தொடர்ந்து கவனித்தலே அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது.

தோற்றம் ஒன்று, காரணங்கள் பல

அழைத்தால் திரும்பாமை, பேசாமை, வகுப்பில் பின்தங்குதல் ஆகிய மூன்றும் பல்வேறு காரணங்களால் நேரக்கூடியவை. செவித்திறன் குறைவு, அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மொழி வளர்ச்சியில் மட்டும் ஏற்படும் தாமதம், பிளவுபட்ட அண்ணம், மூளை முடக்குவாதம் என்பன அவற்றுள் முக்கியமானவை. ஒரே குழந்தையிடம் இவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

கூர்ந்து நோக்குபவருக்குச் சில வேறுபாடுகள் புலப்படும். காது கேளாத குழந்தை பேசுவோரின் முகத்தையும் உதட்டையும் ஆவலோடு பார்க்கும், விரலால் சுட்டிக் காட்டும், சைகையைப் புரிந்துகொள்ளும். ஆட்டிசம் உள்ள குழந்தையோ, தொலைவில் இனிப்புத் தாளைப் பிரிக்கும் ஒலிக்குத் திரும்பினும், தன் பெயரைச் சொல்லி அழைக்கும்போது திரும்பாதிருக்கலாம்; தான் கண்ட பொருளைப் பிறருக்குச் சுட்டிக் காட்டுவதும் அதனிடம் அரிது. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள் பலரிடம் உட்காருதல், நடத்தல், தானே உண்ணுதல் ஆகிய யாவும் தாமதித்திருக்கும். இவை குறிப்புகளேயன்றி முடிவுகள் அல்ல. ஆயினும், இவற்றை எழுதி அனுப்பினால் நிபுணரின் வேலை பாதியாகக் குறையும்.

முதலில் செவி

பேச்சுத் தாமதம் எக்காரணத்தால் நேர்ந்ததாகத் தோன்றினும், முதலில் செவியைப் பரிசோதித்தல் வேண்டும். இது மாற்றமுடியாத விதி. கேளாத குழந்தையிடம் வாய்மொழியாக வினாக்களைக் கேட்டு அறிவை அளந்தால், நல்ல அறிவுடைய குழந்தையும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெறும். 'மந்தபுத்தி' என்னும் பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால், அதன் பின்னர்க் காதைப் பரிசோதிக்க எவரும் நினைப்பதில்லை.

பிறந்த குழந்தைக்குங்கூடச் செவித்திறனை அளக்க இயலும். ஓ.ஏ.ஈ. எனப்படும் பரிசோதனையில் காதினுள் சிறு கருவி ஒன்றை வைத்து மெல்லிய ஒலி செலுத்தப்படுகிறது. உட்செவி நலமாயிருப்பின், அங்குள்ள நுண்ணிய உயிரணுக்கள் எதிரொலி போன்ற ஓர் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. 'பெரா' என்னும் பரிசோதனையில் நெற்றியிலும் காதின் பின்புறத்திலும் மின்வாய்கள் ஒட்டப்பட்டு, செவி நரம்பிலும் மூளைத் தண்டிலும் எழும் மின்னலைகள் பதிவு செய்யப்படுகின்றன. இரண்டிலும் வலியில்லை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சியின் தொடக்கம் என்பதே நிபுணர்கள் வகுத்துள்ள கால அளவு.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம் காதில் சீழ் வடிதலை அற்பமாகக் கருதுவோர் பலர். நடுச்செவியில் நீரோ சீழோ தேங்கினால் கேட்கும் திறன் குறைகிறது; ஆசிரியரின் சொற்கள் பாதி செவியிற் படாமலே போகின்றன. இது பெரும்பாலும் மருந்தாலோ சிறு அறுவையாலோ தீரக்கூடியது. கவனக்குறைவு என்று தண்டிக்கப்படும் மாணவன் உண்மையில் சிகிச்சை பெற வேண்டியவனாக இருக்கலாம்.

உளவியற் பரிசோதனையின் பொருள்

உளவியற் பரிசோதனை என்றவுடன் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அது பைத்தியத்தைக் கண்டறிவதற்கானது என்னும் தவறான கருத்தை ஆசிரியர்கள் முதலில் நீக்க வேண்டும். 1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவர் முதல் அறிவுத்திறன் அளவையை உருவாக்கினர். பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அம்முறை பின்னர் அமெரிக்காவில் விரிவாக்கப்பட்டது. அதனை 1930களில் வி. வி. காமத் கன்னட, மராத்தி மொழிகளில் பேசும் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தார். பினே–காமத் அளவை என்ற பெயரில் அது நம் நாட்டு மருத்துவ நிலையங்களில் பரவியது.

எல்லாப் பரிசோதனைகளும் வாய்மொழியைச் சார்ந்தவை அல்ல. சேகன் பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் முதலிய பத்து மரத்துண்டுகளை அவற்றுக்குரிய குழிகளிற் பொருத்தும் வேகம் அளக்கப்படுகிறது. ராவன் வகுத்த பரிசோதனையில் விடுபட்ட வடிவத்தைச் சுட்டிக் காட்டினாற் போதும். செவித்திறன் குறைந்த குழந்தைக்கும் பேசாத குழந்தைக்கும் இத்தகையனவே பொருந்தும். வைன்லாந்து அளவையில் குழந்தை தானே உண்ணுதல், உடுத்தல், கடைக்குச் சென்று வருதல் முதலியன குறித்துப் பெற்றோரிடம் கேட்டறிவர். ஆட்டிசத்தை மதிப்பிடுவதற்கு 40 கூறுகள் கொண்ட இந்திய அளவை ஒன்று செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனத்தில் உருவாக்கப்பட்டுள்ளது.

இங்கு மொழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டில் கோண்டி பேசும் குழந்தை பள்ளியில் இந்தியைக் கேட்கிறது. வீட்டில் சந்தாலி பேசுவது பள்ளியில் வங்காளத்தைக் கேட்கிறது. பள்ளி மொழியிற் பரிசோதித்தால் கிடைக்கும் எண் அறிவின் அளவன்று. அம்மொழியோடு அக்குழந்தைக்குள்ள பழக்கத்தின் அளவே. ஆகவே, அனுப்பும் குறிப்பில் வீட்டு மொழியைத் தவறாது எழுத வேண்டும். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பதையும் பெற்றோருக்கு உணர்த்துதல் நலம். பேச்சு வரும்வரை தாய்மொழியை நிறுத்திவிடுங்கள் என்று கூறுவது, குழந்தை தாயிடமிருந்து பெறும் மொழியையே பறிப்பதாகும்.

சேவைகள் கிடைக்குமிடங்கள்

2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் சிறார் நலத் திட்டமே பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வாயில். இத்திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் சென்று, 18 வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. குழு வரும் நாளில் ஐயத்துக்குரிய குழந்தை வராதிருந்தால் பல மாதங்கள் வீணாகிவிடும். ஆதலின், அக்குழந்தையை அன்று அழைத்து வருவது பணியாளரின் தனிப் பொறுப்பு. அவசரமாயின், குழுவுக்குக் காத்திராமல் நேரே மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

குழுவினர் அனுப்பும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அடைவர். குழந்தை மருத்துவர், செவி–பேச்சு நிபுணர், உளவியலாளர், இயன்முறைப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வகையில் இம்மையம் வகுக்கப்பட்டுள்ளது. எல்லாப் பணியிடங்களும் எல்லா மாவட்டங்களிலும் நிரம்பியிருக்கும் என எதிர்பார்க்க இயலாது. எந்த நிபுணர் எந்த நாளில் இருப்பார் என்பதைத் தொலைபேசியில் விசாரித்த பின்னரே குடும்பத்தை அனுப்புதல் நன்று. ஒரு நாள் கூலியை இழந்து வந்த தந்தை வெறுங்கையோடு திரும்பினால் மறுமுறை வருவது ஐயமே.

மேல்நிலைப் பரிசோதனைக்குத் தேசிய நிறுவனங்கள் உள்ளன. 1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு–செவி நிறுவனம் இத்துறையில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. தொலைவிலுள்ள குடும்பங்களுக்கு இணைய வழியிலும் அது பயிற்சி அளிக்கிறது. மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் நிறுவனம் 1983இலும், செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான நிறுவனம் 1984இலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான நிறுவனம் 2005இலும் தோன்றின. பெங்களூரின் நிம்ஹான்ஸ் உளவியற் பரிசோதனைக்குப் புகழ் பெற்றது. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாட்டின் 14 இடங்களில் எல்லாக் குறைபாடுகளுக்குமான ஆரம்பநிலை மையங்கள் தொடங்கப்பட்டன.

தனியாரிடம் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பேச்சுப் பயிற்சியாளர், செவித்திறன் நிபுணர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரின் பெயர்கள் பதிவாகியிருத்தல் அவசியம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்றுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. சான்றிதழ் இவ்வுரிமைகளுக்குத் தேவை. ஆனால், அது கிடைக்கும்வரை பயிற்சியைத் தள்ளிவைத்தல் பெருந்தவறு. அலுவலகக் காகிதம் காத்திருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சி காத்திராது.

அனுப்புமுன் செய்ய வேண்டுவன

ஒரு பக்கத்துக்கு மேற்படாத குறிப்புப் போதுமானது. குழந்தையின் வயது, வீட்டு மொழி, பிறந்தவுடன் அழுததா என்பது, மஞ்சட் காமாலை, வலிப்பு, காதில் சீழ் ஆகியவை இருந்தனவா என்பது, உட்கார்ந்த வயது, நடந்த வயது, இப்போது சொல்லும் சொற்கள், எவ்வொலிக்குத் திரும்புகிறது, எதற்குத் திரும்புவதில்லை என்பன அதில் இடம்பெற வேண்டும். 'மந்தம்', 'பிடிவாதம்' போன்ற தீர்ப்புகளைத் தவிர்த்து, கண்ணாற் கண்டதை மட்டும் எழுதுதல் முறை. மாணவனாயின் அவனது எழுத்துப் பயிற்சிக் குறிப்பேட்டையும் உடன் அனுப்பலாம்.

பெற்றோருக்கும் சில செய்திகளை முன்கூட்டியே கூற வேண்டும். 'பெரா' பரிசோதனையின்போது சிறு குழந்தை உறங்க வேண்டும், வழியிலேயே பேருந்தில் நன்றாக உறங்கிவிட்டால், அங்கு சென்று உறங்காது, பரிசோதனையும் நடைபெறாது. அறிவுத்திறன் பரிசோதனைக்கோ இதற்கு நேர்மாறாக, நன்கு உறங்கி, உண்டு, காய்ச்சலின்றி வருதல் வேண்டும். அதற்கெனக் குழந்தைக்கு விடைகளைச் சொல்லிக் கொடுத்தல் கூடாது. தடுப்பூசி அட்டையையும் பழைய மருத்துவச் சீட்டுகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். குழந்தையைப் பிறப்பு முதல் வளர்த்தவரே உடன் செல்வது சிறப்பு.

பயிற்சி நிகழுமிடம் வீடே

வாரத்துக்கு ஒரு முறை முக்கால் மணி நேரம் நிபுணரிடம் பெறும் பயிற்சி மட்டும் பேச்சை வளர்த்துவிடாது. அங்குக் கற்ற முறையை வீட்டில் நாள்தோறும் கையாளுவதே சிகிச்சையின் பெரும்பகுதி. குளிப்பாட்டும்போது உறுப்புகளின் பெயரைக் கூறுதல், சமைக்கும்போது காய்களைக் கையில் கொடுத்துப் பெயர் சொல்லுதல், கேட்குமுன் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடாமல் குழந்தை கேட்பதற்குச் சற்று இடங்கொடுத்தல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவில்லை. செவிக்கருவி பெற்ற குழந்தை அதனை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். பெட்டியில் பத்திரமாகப் பூட்டிவைக்கப்பட்ட கருவியால் பயன் யாது?

வகுப்பிலும் ஆசிரியர் செய்யக் கூடியவை பல. செவித்திறன் குறைந்த மாணவனை முன்வரிசையில் அமர்த்தி, கரும்பலகையை நோக்கியன்றி அவனை நோக்கிப் பேசலாம். திக்கிப் பேசுபவனை இடைமறித்துச் சொல்லை முடித்துக் கொடுக்காமல், அவன் முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். பிற மாணவர் கேலி செய்யாமற் காக்கலாம்.

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அக்குடும்பத்தைச் சந்தித்து, குழந்தை பயிற்சிக்குச் செல்கிறதா, இல்லையெனில் தடை யாது என விசாரித்துக் குறித்துக்கொள்ளும் பணியாளர், அனுப்பியதோடு தன் கடமை முடிந்தது எனக் கருதுபவரைவிடப் பன்மடங்கு பயன் விளைவிக்கிறார். பேருந்துச் செலவு, அறுவடைக் காலம், அடுத்த பிரசவம் போன்ற சாதாரணக் காரணங்களால் நின்றுபோன பயிற்சியை ஒரு சொல்லால் மீண்டும் தொடங்கிவைக்கலாம். நாட்டின் நிபுணர்கள் எண்ணிக்கையிற் குறைவு. அவர்களுடைய திறமை கடைக்கோடிக் கிராமத்துக் குழந்தைக்கும் எட்டுவது, ஆசிரியரும் களப்பணியாளரும் காலத்தில் எழுதியனுப்பும் அந்த ஒரு பக்கக் குறிப்பையே பெரிதும் பொறுத்திருக்கிறது.