வீடாகும் வேனில் குலுக்கலும் இரைச்சலும் குறைய

நம் பாட்டன்மார் திருவிழாவுக்குச் சென்றது வில்வண்டியில். வளைந்த இரும்புப் பட்டைகளை வில்போல் அடுக்கி, அவற்றின்மேல் கூண்டை ஏற்றியிருந்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளத்தை விரித்து, முதியோரை நடுவிலும் சிறுவரைப் பின்னாலும் அமர்த்துவர். பள்ளத்தில் சக்கரம் விழும்போது எழும் பெரிய குலுக்கலை வில் ஏற்றுக்கொள்ளும். கல்லும் கட்டியும் தரும் சிறு அதிர்வை வைக்கோல் விழுங்கிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து உதவாது என்பதை வண்டி கட்டிய தச்சர் அறிந்திருந்தார். இன்று வேன் வாங்கும் நம்மில் பலர் அதனை அறியாமல், மெத்தைக்கும் தரை விரிப்புக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, "இன்னும் தூக்கித் தூக்கிப் போடுகிறதே" என்று வருந்துகின்றனர்.

ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறியது முதல் செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழா வரை, நெல்லிக்குப்பத்திலிருந்தும் நெய்வேலி நகரியத்திலிருந்தும் அன்னையை நாடிப் புறப்படும் வேன்களைப் பார்த்தால் அவை வாகனமா, வீடா என்ற ஐயம் எழும். பாய், தலையணை, அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன், பாட்டியின் மருந்துப் பை ஆகிய அனைத்தும் ஏறிவிடும். மேனாட்டார் படுக்கையும் சமையலறையும் பொருத்திக் 'கேரவன்' என்று அழைப்பதை, நம் மக்கள் இரண்டு மூன்று நாள்களுக்குத் தாங்களே அமைத்துக்கொள்கின்றனர். அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனித் திட்டமே அறிவித்தது. நம் ஊரிலோ, 'டெம்போ டிராவலர்' என்று எல்லாரும் அழைக்கும் வேனே ஏழை எளியோரின் கேரவன்.

கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என நீளும் அப்பயணத்தில் சில மணி நேரம் உடல் குலுங்குகிறது; காது இரைகிறது. முன்வரிசையில் ஒருவர் செபமாலையைத் தொடங்கினால் பின்வரிசைக்குக் கேட்பதில்லை. "முதுகு தாங்காது, நீங்கள் போய் வாருங்கள்" என்று வீட்டிலேயே தங்கிவிடும் முதியோர் எத்தனை பேர்! சுகம் என்பது செல்வந்தரின் ஆடம்பரம் என்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. தொடர்ந்த இரைச்சலும் அதிர்வும் ஓட்டுநரைச் சோர்வுறச் செய்யும். அச்சோர்வின் விளைவை வேனில் உள்ள அனைவரும் சுமக்க நேரும்.

முதலில் குலுக்கலைக் காண்போம். இத்தகைய வேன்களில் பெரும்பாலானவற்றின் பின்பாகம் ஸ்பிரிங் பட்டைகளின்மேல் நிற்கிறது. பழைய வில்லின் பேரப்பிள்ளைகளே இவை. நிறைந்த பாரத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை ஆதலால், பாரம் குறைந்தால் இவை வளைந்து கொடுப்பதில்லை. பன்னிரண்டு பேருக்கான வேனில் நால்வர் மட்டும் சென்றால் குலுக்கல் மிகுவதன் காரணம் இதுவே. இந்நிலையில் உரிமையாளர் சிலர் செய்யும் ஒரு காரியம் நோயை வளர்க்கிறது. பாரம் ஏற்றும்போது பின்பக்கம் தாழ்கிறதென்று, பட்டறைக்குச் சென்று ஒரு பட்டையைக் கூட்டிவிடுகின்றனர். வேன் நிமிர்ந்து நிற்கும், பார்வைக்கு அழகுதான். ஆனால் வில் விறைத்துப்போனதால் ஒவ்வொரு வேகத்தடையும் நேரே முதுகெலும்பில் வந்து மோதும்.

எத்தகைய அசைவு உடலுக்கு ஆகாது என்பதை ஆய்ந்தோர் ஒரு கணக்குச் சொல்கின்றனர். நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரை மேலும் கீழும் ஆடும் அதிர்வே அமர்ந்திருக்கும் மனித உடலை மிகுதியாக வருத்துகிறது. நாம் நடக்கும்போது நம் உடல் நொடிக்கு ஏறக்குறைய இரு முறை எழுந்து தாழ்கிறது. அதற்குப் பழகிய உடல் அதனைத் துன்பமாகக் கருதுவதில்லை. அதற்காக வில்லை மிக இளக்கிவிட்டால் நன்மை வருமோ எனில், அதுவுமில்லை. ஐந்து நொடிக்கு ஒரு முறை என்ற அளவில் படகுபோல் மெல்ல ஆடும் அசைவே வாந்தியையும் தலைச்சுற்றலையும் தருவது. கேரியரில் மூட்டைகளை மலைபோல் அடுக்கிய வேன் வளைவுகளில் இடமும் வலமும் சாய்ந்தாடுகிறதே, குழந்தைகள் வாந்தியெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கனத்த பொருளைத் தரையோடு தரையாக, முன் இருசுக்கும் பின் இருசுக்கும் இடையில் வைக்க வேண்டும். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. தண்ணீர்க் கேனையும் அங்கேயே, தளும்பாதபடி நிறைத்து, கட்டி வைத்தல் நன்று.

முதியோருக்கு உரிய இடமும் அந்த நடுப்பகுதியே. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் கடைசி இருக்கை, ஏற்றப் பலகையின் முனைபோல் உயர்ந்து தாழும். மரியாதைக்குரியவர்களை 'விசாலமாக உட்காரட்டும்' என்று கடைசி நீள இருக்கையில் அமர்த்தும் நம் வழக்கம் அன்பினால் விளைவதுதான். ஆயினும் அவர்களுடைய இடுப்பு அந்த அன்பை ஏற்பதில்லை.

ஷாக் அப்ஸார்பரைப் பற்றியும் ஒரு சொல். பாரத்தைத் தாங்குவது அதன் வேலையன்று. வில் ஆடத் தொடங்கியபின் அந்த ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை. நின்றிருக்கும் வேனின் ஒரு மூலையை இருவர் சேர்ந்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், ஒரு முறை எழுந்து அடங்கவேண்டும். மூன்று நான்கு முறை ஆடினாலோ, அதன் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, அது ஓய்ந்துபோயிற்று எனலாம். மாற்றும்போது இருபுறமும் இணையாக மாற்றவேண்டும். ஸ்பிரிங் பட்டையின் முனைகளிலுள்ள புஷ்கள் தேய்ந்தால் 'டக் டக்' என்ற ஓசை எழும். பட்டைகளுக்கு இடையே துருவேறினால் அவை ஒன்றன்மேலொன்று வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அப்போது நல்ல வில்லும் கட்டைபோலாகும்.

டயரும் ஒரு வில்லே. 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகவே அதனை முதலில் செய்தார். எரிபொருள் மிச்சமாகும் என்று எண்ணி, குறித்த அளவுக்குமேல் காற்றடைத்து ஓட்டுவோர் அந்த வில்லை விறைக்கச் செய்துவிடுகின்றனர். மென்மையை நாடி அளவுக்குக் கீழே இறக்குவதோ பேராபத்து. டயர் சூடேறி வெடிக்கும். வேனைத் தயாரித்தோர் குறித்துள்ள அளவை, காலையில் ஓட்டத் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவேண்டும். நெல்லிக்குப்பத்துக் கரும்பு டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து பழகியவர்களுக்கு, வேகத்தைக் குறைத்தலே குலுக்கலுக்கு முதல் மருந்து என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இரைச்சல் வரும் வழிகள்

இனி இரைச்சல். இது நம்மை இரு வழிகளில் அடைகிறது: காற்றின் வழியாக ஒன்று, இரும்பின் வழியாக மற்றொன்று. எது எவ்வழியில் வருகிறது என்று அறியாமல் மருந்திடுவது வீண். வேனை நிறுத்தி, எஞ்சினை மட்டும் முடுக்கிப் பாருங்கள். அதே முழக்கம் எழுந்தால் குற்றவாளி எஞ்சின். தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்கு மாறும்போது ஓசையும் மாறினால் அது டயரின் ஓசை. வேகம் கூடக்கூடச் சீறல் வளர்ந்தால் அது கதவிடுக்கில் நுழையும் காற்று.

நின்ற நிலையில் வேன் நடுங்கி, எஞ்சினைச் சற்று முடுக்கியதும் நடுக்கம் அடங்குகிறதா? எஞ்சினைத் தாங்கும் இரப்பர் மவுண்டிங்குகளைப் பாருங்கள். எண்ணெய் பட்டும் ஆண்டுகள் கடந்தும் அவை கல்லாய் இறுகியிருக்கும். சைலன்சரைத் தொங்கவிடும் இரப்பர் வளையம் அறுந்து, குழாய் அடித்தகட்டில் உரசினாலும் வேன் முழுவதும் முழங்கும். ஆயிரக்கணக்கில் செலவிட்டு விரிப்புப் போடுமுன், சில நூறு ரூபாய்ப் பொருள்களான இவற்றைப் பார்ப்பதே முறை.

அடுத்தது தகடு. கூரையும் பக்கச் சுவரும் பெரிய மெல்லிய இரும்புத் தகடுகள். எஞ்சினும் சக்கரமும் தட்ட, அவை தம்பட்டம்போல் ஒலிக்கின்றன. விரல் மொட்டியால் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று நீண்டு ஒலிக்கும் இடங்கள் தெரியும். தார் கலந்த, அல்லது பியூட்டைல் இரப்பரால் ஆன ஒட்டுத் தகட்டை அவ்விடத்தின் நடுவே அழுத்தி ஒட்டினால், ஓசை 'டப்' என்று அடங்கும். தகடு முழுவதையும் மூட வேண்டுவதில்லை; பாதிக்கும் குறைவாக ஒட்டினாலே பெரும்பயன் கிட்டும். கடைக்காரர் முழுவதும் ஒட்டவே சொல்வார். அவர் விற்பது எடைக்கணக்கில்!

தெர்மோகோல் ஒட்டினால் சத்தம் நிற்கும் என்று நம்புவோர் பலர். அது வெயிலைத் தடுக்கும், ஒலியைத் தடுக்காது. ஒலியை மறிப்பது கனம். சுவரின் கனத்தை இருமடங்காக்கினால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல் கணக்கு. ஒலி 10 டெசிபெல் குறைந்தால் நம் செவிக்கு அது ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும். ஆகவே எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடைப்பட்ட தகட்டின்மேலும், முன்தரையிலும், அடியில் மெத்தென்ற ஃபெல்ட்டும் அதன்மேல் கனத்த இரப்பர் விரிப்புமாக இரண்டடுக்கு அமைத்தல் தகும். வைக்கோலும் ஜமுக்காளமும் நினைவுக்கு வருகின்றனவா?

இத்தனையும் செய்துவிட்டுத் துளைகளை மறந்தால் பயனில்லை. சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், அது எத்தனை கனமான சுவராயினும் 20 டெசிபெல்லுக்குமேல் தடுக்க இயலாது. மின்கம்பிகள் நுழையும் துளை, கியர்த் தண்டைச் சுற்றிய உறை, கதவின் இரப்பர் பீடிங் ஆகியவற்றை ஆராயவேண்டும். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் பீடிங் பிடிக்கவில்லை என்பது உறுதி.

துளைகளை அடைக்கும் இவ்வேலை காதுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காவல் என்பதை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்தியது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்துக்காக இயங்கிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வாயு, தரையிலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அவ்வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குவோரை எழுப்பாது. எனவே தரையின் துளைகளை அடையுங்கள். ஆனால் சன்னலையும் கூரைக் காற்றுவழியையும் அடைத்துவிடாதீர்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு வேனுக்குள் எவரும் உறங்கலாகாது. சமையலும் வேனுக்கு வெளியேதான். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா இரயில் பெட்டியில் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டது, உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளையால் அன்றோ?

சட்டத்தையும் கருதவேண்டும். விரிப்பு, பீடிங், ஒட்டுத் தகடு ஆகியன வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவன அல்ல. இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் பொருத்துவதோ, உடலமைப்பைத் திருத்துவதோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்கீழ் வரும். தயாரிப்பாளர் அமைத்ததை விருப்பம்போல் மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019இல் தீர்ப்பளித்துள்ளது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தபின் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

சொந்த வேன் இல்லாதார் இவற்றுள் பலவற்றைச் செய்ய இயலாது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது கலகலக்கும் சாமான்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இடையில் பழைய புடவைத் துண்டு, கரண்டிகளைச் சுற்றி ஒரு துவாலை, கழன்றாடும் சன்னலுக்கு மடித்த அட்டை என்று புறப்படுமுன் கால்மணி நேரம் செலவிட்டால் போதும். பாதி இரைச்சல் அடங்கிவிடும். இரைச்சலை மறைக்கப் பாட்டுப் பெட்டியை உரக்க வைப்பது மட்டும் வேண்டா. ஓட்டுநருக்குப் பின்வரும் பேருந்தின் ஹாரன் கேட்கவேண்டுமே!

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியதும், வேன் வைத்திருப்போர் அதன் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கடற்கரையின் உப்பு மணல் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கில் தங்கித் துருவை வளர்க்கும். ஈரம் உலர்ந்தபின் கிரீஸ் இட்டு, பட்டைகளைப் பிணைக்கும் போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கி வையுங்கள்.