7,800 கி.மீ. பறக்க ஒன்பதரை மணியா, பதின்மூன்று மணியா?

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானில் டோக்கியோவுக்கான நரிட்டா விமான நிலையம் சுமார் 7,800 கி.மீ. தொலைவில் இருக்கிறது. 2022 பிப்ரவரிவரை ஃபின்ஏர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ350 விமானங்கள் இங்கே ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இன்று அதே ரக விமானத்துக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்?

இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு, உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வளைவைக் கணக்கிடுகிறார்கள். இதுவே பெருவட்டத் தூரம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் அளவுகோல் வைத்து இவ்விரு ஊர்களை இணைத்தால், கோடு கஜகஸ்தான், மங்கோலியா வழியாகத் தென்கிழக்கே இறங்கும். அப்படிப் பறந்தால் 900 கி.மீ.க்கு மேல் கூடுதல். குறுக்குவழி சைபீரியாவுக்கு மேலே வளைந்து செல்கிறது.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 7,800 கி.மீ.யைக் கடக்க 8 மணி 40 நிமிடம் போதும். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, தரையிறங்குவது எல்லாம் சேர்த்துத்தான் ஒன்பதரை.

பாதை ஏன் நீண்டது?

உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய விமானங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வான்வெளியை மூடியது. பதிலுக்கு 2022 பிப்ரவரி 28 அன்று, பின்லாந்து உள்ளிட்ட 36 நாடுகளின் விமானங்களுக்கு ரஷ்யா தடை விதித்தது. சைபீரியக் குறுக்குவழியை நம்பியே ஆசியச் சேவையை வளர்த்த ஃபின்ஏருக்கு இது பெரிய அடி.

மிஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாக இறங்குவது. இது 10,500 கி.மீ.யைத் தாண்டும். மற்றது, மத்திய ஆசியா, சீனா, கொரியா வழியாகச் செல்லும் தெற்குப் பாதை.

எந்த நாளில் எந்த வழி என்பதில் காற்றுக்கும் பங்குண்டு. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். கிழக்கே போகும் விமானத்தை அது தள்ளிவிடுகிறது. திரும்பும் விமானத்தின் மூக்கில் மோதுகிறது. அதனால் டோக்கியோவிலிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் துருவ வழியை நாடுகின்றன.

துருவ வழி இந்த நிறுவனத்துக்குப் பழக்கமானதுதான். சோவியத் வான்வெளி மூடிக் கிடந்த 1983-ல், டிசி-10 விமானத்தில் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவையை அது தொடங்கியது இவ்வழியாகத்தான். அப்போதும் சுமார் 13 மணி நேரம் ஆனது. நாற்பதாண்டு தொழில்நுட்ப வளர்ச்சி, மூடிய எல்லைக்கு முன்னால் ஒரு மணி நேரத்தைக்கூட மிச்சப்படுத்தவில்லை.

டிக்கெட்டை எப்படிப் படிப்பது?

புறப்பாடு, வருகை இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ ஹெல்சிங்கியைவிட 7 மணி நேரம் முந்தி ஓடுகிறது. மாலை 5.30-க்குக் கிளம்பி மறுநாள் பகல் 1.30-க்கு இறங்குவதாக அச்சிட்டிருந்தால், 20 மணி நேரம் என்று மலைக்க வேண்டாம்; ஏழைக் கழித்தால் 13. கோடையில் பின்லாந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும், ஜப்பான் வைக்காது. அப்போது ஆறைக் கழித்தால் போதும்.