சுவரில் ஒரு துளை, துளையில் ஒரு கண்ணாடி

திரையரங்கில் படம் பார்க்கும்போது என்றாவது தலையைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? உயரத்தில் சின்னஞ்சிறு சன்னல்கள் தெரியும். அவற்றுள் ஒன்றின் வழியாகத்தான் ஒளிக்கற்றை திரைக்குப் பாய்கிறது. அத்தகைய சன்னல் ஒன்றை வீட்டுச் சுவரில் அமைக்கும் வேலை சென்ற ஆண்டு எனக்கு வாய்த்தது.

என் மைத்துனர் தம் கூடத்தில் பெரிய திரை மாட்டியிருந்தார். படவீழ்த்தி (புரொஜெக்டர்) கண்ணிலும் படக்கூடாது, அதன் விசிறி இரைச்சல் காதிலும் விழக்கூடாது. அடுத்துள்ள சாமான் அறையில், கதவு வைத்த பரணுக்குள் அதைப் பொருத்தி, நடுச்சுவரில் துளையிடுவதாகத் திட்டம். "இயற்பியல் வாத்தியார் நீங்கள் இருக்க எனக்கென்ன கவலை அத்தான்? அளவு சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். தவறாகச் சொன்னேன்.

வில்லையின் நடுவுக்கு நேராகக் குறிபோட்டு, மேலும் கீழும் சம அளவாக உடைக்கச் சொல்லிவிட்டேன். படத்தைப் போட்டால் கீழ்ப்பகுதி இருட்டு! பல வீட்டுப் படவீழ்த்திகளில் ஒளி வில்லையின் அச்சுக்கு இருபுறமும் சமமாகப் பரவுவதில்லை. மேசைமேல் வைத்தால் மேல்நோக்கியும், தலைகீழாகப் பொருத்தினால் கீழ்நோக்கியும் போகும்படி அமைத்திருப்பார்கள். எங்களுடையது தலைகீழாகப் பொருத்தியது. கொத்தனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உளியை எடுத்தார்.

துளையின் அளவுக்கு வருவோம். திரையின் அகலம் 2 மீட்டர். தொலைவு 3 மீட்டர். எனவே ஒளிக்கற்றை ஒவ்வொரு 3 செ.மீ. முன்னேறும்போதும் 2 செ.மீ. அகலமாகிறது. வில்லையின் குறுக்களவு 5 செ.மீ.; அது சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருக்கிறது. ஆகவே சுவரின் உள்முகத்தில் 8 செ.மீ. அகலத்துளை போதும். ஆனால் சுவரின் கனம் 23 செ.மீ. ஆயிற்றே! கூடத்துப் பக்கம் கற்றை வெளிவரும்போது கிட்டத்தட்ட 24 செ.மீ. அகலம் வேண்டும். அதாவது துளை புனல்போல் விரிய வேண்டும். பழைய கோட்டைகளில் அம்பு எய்யும் துளைகளைக் கவனியுங்கள்: எய்பவன் பக்கம் அகலம், எதிரி பக்கம் குறுகல். எய்பவன் அசைய வேண்டும், வில்லை அசைவதில்லை. எனவே நம் துளை அதற்கு நேர்மாறு.

துளையின் உட்பக்கங்களைச் சிமெண்டால் பூசி, பளபளப்பற்ற கறுப்பு வண்ணம் அடித்தோம். வெள்ளையாக விட்டிருந்தால் சிதறிய ஒளி கூடமெங்கும் பரவிப் படத்தின் கருமையை வெளிறச் செய்திருக்கும்.

இனி கண்ணாடி. இரைச்சலைத் தடுக்க அது வேண்டும். ஆனால் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை எதிரொளிக்கிறது. இரு முகங்களிலும் சேர்த்து 8 விழுக்காடு இழப்பு. அந்த ஒளி திரும்பி வில்லையில் பட்டு, மறுபடி திரைக்குத் தெறித்துப் படத்தை மங்கச் செய்யும். பரிகாரம் எளியது: கண்ணாடியைச் சாய்த்து வைப்பது. ஆடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளித்த கதிர் அதைப்போல் இருமடங்கு திரும்பும் என்று படித்திருப்பீர்களே! மேல்விளிம்பு படவீழ்த்தியின் பக்கம் சாயுமாறு 10 பாகை சாய்த்தோம்; திரும்பும் ஒளி 20 பாகை கீழே விலகிக் கறுப்புப் பூச்சில் விழுந்து மடிந்தது. சாய்த்தால் படம் இடம் பெயராதா என்று மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி. 5 மி.மீ. கனமுள்ள இணைமுகக் கண்ணாடியில் கதிரின் பெயர்ச்சி 0.3 மி.மீ. அளவுதான், திசையோ மாறுவதே இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் 'கோட்டிங்' என்கிறார்களே, அதையும் கண்ணாடியில் பூசலாம். மக்னீசியம் புளூரைடு 100 நானோமீட்டர் கனம் படிந்தால், படலத்தின் இரு முகங்களிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். எங்கள் செலவுத் திட்டம் அதற்கு இடந்தரவில்லை.

இத்தகைய துளைகளுக்குப் பின்னே துயர வரலாறும் உண்டு. பழைய திரைப்படச் சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. தமக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தம்முள்ளேயே கொண்டவை. பற்றினால் நீருக்குள்ளும் எரியும். விளக்குகளும் அபாயமானவைதாம். 1897-இல் பாரிசில் படக்காட்சி விளக்குக்கு ஈதர் ஊற்றும்போது மூண்ட தீயில் 126 பேர் மாண்டனர். படவீழ்த்தியைத் தீப்பிடிக்காத அறைக்குள் அடைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1909-இல் சட்டம் இயற்றியது. திரையரங்கத் துளைகளுக்கு மேலே இரும்புத் தட்டிகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றைத் தாங்கிய இணைப்பு குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை. தீ மூண்டால் இணைப்பு உருகும். தட்டி தானே விழுந்து துளையை மூடும்.

இன்று நம் வீட்டில் எரியும் சுருள் இல்லை. வெப்பம் இருக்கிறது. கண்ணாடி பொருத்திய முதல் நாளே பாதிப் படத்தில் எந்திரம் தானாக அணைந்தது. அது 300 வாட் எந்திரம். பரணில் ஒரு கன மீட்டர் காற்று. அதன் நிறை 1.2 கிலோகிராம். அதை ஒரு பாகை சூடாக்க 1200 ஜூல் போதும்; அதாவது நான்கே நொடி! சுவரும் பலகையும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டதால்தான் பாதிப் படமாவது பார்த்தோம். சூடு 10 பாகைக்கு மேல் ஏறாதிருக்க நொடிக்கு 25 லிட்டர் காற்று ஓட வேண்டும் எனக் கணக்கிட்டுப் பரணின் அடியில் ஒரு துளையும், உச்சியில் சிறு விசிறியுடன் இன்னொரு துளையும் போடச் சொன்னேன்.

இம்முறை கொத்தனார் உளியை எடுக்குமுன், "அளவு சரிதானே, சார்?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.